குளிர்ந்த தீயைக் கண்ட வெர்னர் ஸீமென்ஸ்

சேலம் செவ்வாய்ப்பேட்டையை அறியாதார் நம்முள் ஒருசிலரே இருத்தல் கூடும். ஒருபால் லீ பஜாரில் தானிய மூட்டைகள் மலையென அடுக்கப்பட்டிருக்க, மற்றொருபால் குறுகிய தெருக்களில் வெள்ளிக் கொலுசு செய்யும் பட்டறைகள் காலை முதல் ஒலித்துக்கொண்டிருக்கும். நகைத் தொழில் உள்ளவிடத்தில் முலாம் பூசும் தொழிலும் உண்டு. உலோக உப்புக் கரைந்த நீர்த்தொட்டியில் நகையைத் தொங்கவிட்டு மின்னோட்டத்தைச் செலுத்தினால், வெண்ணிறமாய் இறங்கிய நகை சிறிது பொழுதிற் பொன்னிறம் பெற்று வெளிவருகின்றது.

இத்தொழிலைக் காணுந்தோறும் நமக்கு ஒரு பெரியாரின் நினைவு எழுகின்றது. இக்கலையைத் தொடக்கத்தில் வளர்த்தோருள் அவர் ஒருவர். அவர் அதனை ஆராய்ந்த இடம் ஒரு கோட்டைச் சிறை. பிற்காலத்தில் அவரே இங்கிலாந்தையும் இந்தியாவையும் தந்திக் கம்பியால் இணைத்தார். டைனமோவின் தத்துவத்தை உலகுக்கு உரைத்தார். இவை யாவரும் அறிந்த பெருஞ்செயல்கள். ஆயின் நாம் ஈண்டுச் சிறப்பாகச் சொல்லப் புகுவது, அவர் 1857-ஆம் ஆண்டிற் செய்து காட்டிய ஒரு சிறு கண்ணாடிக் குழாயைப் பற்றியே. பொருளைச் சுடாமல் அதன்மேல் ஒட்டியுள்ள நோய்க்கிருமிகளை மட்டும் கொல்லும் மின்னொளியை இன்று பிளாஸ்மா என்று வழங்குகின்றனர். அவ்வொளியைத் தோற்றுவிக்கும் கருவிகளுள் ஒரு பெரும் பிரிவு அக்குழாயின் வழிவந்ததாகும். அக்குழாயைச் செய்தவர் பெயர் வெர்னர் ஸீமென்ஸ்.

பிறப்பும் இளமையும்

வெர்னர் 1816-ஆம் ஆண்டு டிசம்பர் 13-ஆம் நாள் ஜெர்மனியில் ஹனோவர் நகரை அடுத்த லெந்தே என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் கிறிஸ்தியான் பெர்டினாண்டு பிறர் நிலத்தைக் குத்தகைக்கு ஏற்றுப் பயிர் செய்தவர். தாயார் எலியோனோர். இவர்கட்குப் பிறந்த மக்கள் பதினால்வருள் வெர்னர் நான்காமவர். குடும்பமோ பெரிது, வருவாயோ சிறிது. பின்னர் மெக்லென்பர்க்கு நாட்டிலுள்ள மென்ட்ஸென்டார்பு என்னும் ஊருக்குக் குடியேறியும் அந்நிலை பெரிதும் மாறவில்லை.

லூபெக் நகரத்து உயர்தரப் பாடசாலையில் வெர்னர் பயின்றார். பழைய மொழிகளில் அவருக்கு நாட்டம் செல்லவில்லை. கணக்கிலும் பொருள்களின் இயல்பை ஆராய்வதிலுமே உள்ளம் சென்றது. பொறியியல் பயில விரும்பினார். அதற்கு வேண்டும் பொருளைத் தந்தையாரால் அளிக்க இயலவில்லை. பிரஷ்ய நாட்டுப் படையிற் சேர்ந்தாற் சம்பளமில்லாமலே கணிதமும் பௌதிகமும் இரசாயனமும் கற்கலாம் என்று அறிந்தார். ஆதலால் 1834-ஆம் ஆண்டில் மாக்டெபர்க்கு நகரத்துப் பீரங்கிப் படையிற் சேர்ந்தார். 1835 முதல் மூன்று ஆண்டுகள் பெர்லினில் உள்ள படைத்துறைப் பள்ளியிற் கற்றார். வறுமை காரணமாக வேறு வழியின்றிப் புகுந்த அப்பள்ளியே அவருடைய பிற்கால வாழ்க்கைக்கெல்லாம் அடித்தளமாயிற்று.

1839-ஆம் ஆண்டில் தாயார் இறந்தார். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் தந்தையாரும் மறைந்தார். அப்பொழுது வெர்னருக்கு வயது இருபத்து மூன்று. இளைய உடன்பிறந்தார் பலரைக் காக்கும் பொறுப்பு, சொற்பச் சம்பளம் பெற்ற அப்படை அதிகாரியின் தலைமேல் விழுந்தது. அவர் புதுப்பொருள் காணும் முயற்சியிற் புகுந்ததற்கு அறிவு வேட்கை ஒரு காரணமாயின், தம்பியரின் பள்ளிக் கட்டணம் மற்றொரு காரணம் என்று நாம் துணிந்து கூறலாம்.

சிறையிற் கண்ட கலை

இருவர் தமக்குள் நேர்ந்த பூசலைத் தனிப்போரால் தீர்த்துக்கொள்ள முற்பட்டபோது, வெர்னர் ஒருவருக்குத் துணையாளராக நின்றார். அது சட்டத்திற்கு மாறான செயல். ஆதலின் அவர் ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்று மாக்டெபர்க்குக் கோட்டையில் அடைக்கப்பட்டார். வேறொருவராயின் அறையின் மூலையில் அமர்ந்து ஊழை நொந்திருப்பர். வெர்னரோ மருந்துக் கடைக்காரர் ஒருவரின் உதவியால் இரசாயனப் பொருள்களை வருவித்துத் தம் அறையை ஆராய்ச்சிச் சாலையாக்கிக்கொண்டார். மின்னோட்டத்தால் உலோகத்தின்மேற் பொன்முலாம் பூசும் வழியை அங்கே ஆராய்ந்தார். தொட்டியில் இட்ட கரண்டி ஒன்று சில நிமிடங்களிற் பொன்போல் ஒளிர்ந்தது.

தண்டனை தொடங்கிய சில வாரங்களிலேயே அரசர் மன்னித்து விடுதலை அளித்தார். அச்செய்தி வெர்னருக்கு மகிழ்ச்சியினும் வருத்தத்தையே மிகுதியாகத் தந்தது. ஆராய்ச்சி முடியும் வரையில் இன்னும் சில நாள் சிறையில் இருக்க இசைவு வேண்டினார். அரசரின் அருளை மதியாத செயல் என்று அதனைக் கருதிய கோட்டைத் தலைவர், அவரை நள்ளிரவில் வெளியேற்றினார். 1842-ஆம் ஆண்டில் அம்முலாம் முறைக்கு உரிமைப் பத்திரம் கிடைத்தது. தம்பி வில்லியம் இங்கிலாந்து சென்று, பர்மிங்காம் நகரத்து எல்கிங்டன் என்னும் வணிகருக்கு அதனை நல்ல விலைக்கு விற்று வந்தார். குடும்பத்தின் பசி ஒருவாறு தணிந்தது.

தந்தியும் மரப்பாலும்

அக்காலத்தில் மின்தந்தி புதிதாகத் தோன்றியிருந்தது. சுருட்டுப் பெட்டி, தகரம், சிறிது இரும்பு, செம்புக்கம்பி ஆகிய எளிய பொருள்களைக் கொண்டே வெர்னர் தம் முதல் தந்திக் கருவியை அமைத்தார். அதனைச் செவ்வையாகச் செய்து தர ஹால்ஸ்கே என்னும் கைத்தேர்ந்த தொழிலாளர் துணையானார். உறவினர் ஒருவர் கடனாகத் தந்த பொருளைக் கொண்டு, 1847-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் பெர்லினில் ஒரு வீட்டின் பின்கட்டில் இருவரும் பட்டறை தொடங்கினர். தொடக்கத்தில் அங்கே வேலை செய்தோர் பதின்மர். பின்னர் உலகெங்கும் பரவிய ஸீமென்ஸ்-ஹால்ஸ்கே தொழிலகம் இவ்வாறு தோன்றியது.

தந்திக் கம்பியை மண்ணுள்ளும் நீருள்ளும் கொண்டுசெல்ல வேண்டுமாயின், மின்சாரம் கசியாதவாறு அதற்கு உறையிட வேண்டும். மலாய் நாட்டுக் காட்டு மரங்களின் பாலிலிருந்து எடுக்கப்படும் குட்டாபெர்ச்சா என்னும் பொருளின் மாதிரி ஒன்றைத் தம்பி வில்லியம் இலண்டனிலிருந்து அனுப்பியிருந்தார். வெந்நீரில் இளகி, ஆறினால் இறுகும் அப்பொருள் மின்சாரத்தைத் தன்னூடே விடாது. தையலின்றி அதனைக் கம்பியின்மேற் பூசும் பொறியை வெர்னர் அமைத்தார்.

1848, 1849-ஆம் ஆண்டுகளில் பெர்லினுக்கும் பிராங்க்பர்ட்டுக்கும் இடையே நீண்ட தந்திவழி ஒன்றை அவர் அமைத்தார். ஆனால் அடுத்த சில ஆண்டுகளில் நிலத்தடிக் கம்பிகள் பழுதுறலாயின. உறைப்பொருளின் குறையும், கம்பியை ஆழமின்றிப் புதைத்த குறையும் அதற்குக் காரணம். அரசாங்கத் தந்தித்துறையோடு கருத்து வேற்றுமை நேர்ந்தபோது, வெர்னர் உண்மையை அச்சிட்டு வெளியிட்டார். அதன் பயனாக அரசாங்க வேலை அவருக்கு நின்றது. வாயை மூடியிருந்தால் ஊதியம் தொடர்ந்திருக்கும். அவரோ குறையை மறைத்து வாழ்வதினும் அதனை ஆராய்ந்து அறிதலே நன்றென்று கொண்டார். இழந்த வேலைக்கு ஈடாக ரஷ்ய நாட்டில் அவருக்குப் பெருந்தந்திவழிகள் கிடைத்தன.

குறையிற் பிறந்த குழாய்

நீருள் அமிழ்ந்த கம்பிகளில் மற்றொரு குறையும் இருந்தது. ஒரு முனையில் அனுப்பிய குறி மறுமுனையிற் காலந்தாழ்ந்து, தெளிவிழந்து வந்து சேர்ந்தது. இதன் காரணத்தை வெர்னர் ஆழ்ந்து ஆராய்ந்தார். பௌதிகம் பயில்வோர் லெய்டன் சாடியை அறிவர். கண்ணாடிப் புட்டியின் உள்ளும் புறமும் உலோகத் தகடு ஒட்டி மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கருவி அது. கடலடிக் கம்பியும் அத்தகைய சாடியே என்று அவர் தெளிந்தார். உள்ளே செம்பு, இடையே மரப்பால் உறை, வெளியே கடல்நீர். குறி செல்லுமுன் அந்நெடுஞ்சாடி முழுதும் நிரம்ப வேண்டியிருந்தமையால் தாமதம் நேர்ந்தது.

இதனை விளக்கி 1857-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நீண்ட கட்டுரையில், இடையே ஒரு சிறு கருவியைப் பற்றியும் கூறினார். இரு கண்ணாடிக் குழாய்கள், ஒன்றனுள் ஒன்றாகச் சிறிது இடைவெளி விட்டுப் பொருத்தப்பட்டவை. உட்குழாயின் உட்புறத்திலும் வெளிக்குழாயின் வெளிப்புறத்திலும் மெல்லிய வெள்ளீயத் தகடு ஒட்டப்பட்டது. இரு தகடுகளுக்கும் இடையே வலிய மின்னழுத்தத்தை மாறி மாறிச் செலுத்தினால், இடைவெளியில் ஓடும் காற்றில் ஓசையடங்கிய ஊதாநிற ஒளி பரவும். அவ்வழியே சென்ற காற்று ஒருவகைக் கூரிய மணம் பெற்று வெளிவரும். அம்மணமுடைய பொருளைப் பேஸல் நகரத்து ஆசிரியர் ஷோன்பைன் முன்னரே கண்டு ஓசோன் என்று பெயரிட்டிருந்தார். வேண்டும்போது வேண்டுமளவு அதனை ஆக்கும் வழியை ஸீமென்ஸ் தந்தார்.

அக்குழாயின் அருமையை நாம் சற்றே விளக்குவோம். மின்னழுத்தம் காற்றை உடைத்துக்கொண்டு பாயும்போது, ஏரிக்கரை உடைந்தாற்போல ஓரிடத்திற் பெருவெள்ளமாய்ப் பாய்ந்து, தீப்பொறியாய் எரிந்து, தொட்ட பொருளைச் சுட்டுவிடும். கண்ணாடியை இடையில் வைத்தால் அவ்வாறு நேராது. மின்சாரம் பாயத் தொடங்கிய இடத்திலேயே கண்ணாடியின்மேல் மின்னேற்றம் தேங்கிப் பின்வரும் பாய்ச்சலை உடனே தடுத்துவிடும். அடுத்த பாய்ச்சல் வேறோர் இடத்தில் நிகழும். கரை உடையாமல், எண்ணிறந்த மதகுகள் தாமே திறந்து தாமே மூடிக்கொள்வது போன்றது இது. ஒவ்வொரு மின்னிழையும் ஒரு நொடியின் கோடியில் ஒரு பங்கினும் குறைந்த பொழுதே நிற்கின்றது. அப்பொழுதிற்குள் மிக இலேசான எலெக்ட்ரான்கள் பெருவேகம் பெற்று, உயிர்க்காற்றின் மூலக்கூறுகளை மோதி உடைக்கின்றன. பருத்த காற்றணுக்கள் வெம்மை கொள்ளுமுன் இழை அணைந்துபோகின்றது. ஆதலால் ஒளியும் உண்டு, இரசாயன ஆற்றலும் உண்டு, சூடு மட்டும் இல்லை. எலெக்ட்ரான் என்னும் துகள் 1897-ஆம் ஆண்டிலேயே அறியப்பட்டது. அதற்கு நாற்பது ஆண்டுகட்கு முன்னரே அதன் விளையாட்டை ஸீமென்ஸ் தம் குழாயில் அடக்கிவைத்தார்.

அதே 1857-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு லீல் நகரில் பாஸ்டர் என்னும் பேரறிஞர், பால் புளிப்பதற்கு நுண்ணுயிர்களே காரணம் என்னும் கட்டுரையை வெளியிட்டார். கிருமியைக் கொல்லும் கருவியும், கிருமிநூலின் முதல் விதையும் ஓராண்டிலேயே உலகுக்கு வந்தன. ஆனால் ஒன்றையொன்று அறியவில்லை.

கூர்நுனிக் கோபுரமும் செங்கடலும்

1859-ஆம் ஆண்டில் இந்தியாவை நோக்கிச் செங்கடல் வழியாகத் தந்திக்கம்பி இடப்பட்டது. அவ்வேலையின் பொருட்டு எகிப்து சென்ற வெர்னர், நண்பருடன் அங்குள்ள பெரிய பிரமிடின் உச்சியில் ஏறினார். பாலைவனக் காற்று மணலை வாரி வீசிற்று. விரலை உயர்த்தியபோது நுனியில் ஒருவகைச் சீறலொலி எழுந்தது. அது மின்னிறக்கமே என்று உடனே உணர்ந்தார். கையிலிருந்த மதுப்புட்டியின்மேல் ஈரத்தாளைச் சுற்றி லெய்டன் சாடியாக்கித் தலைக்குமேல் உயர்த்திப் பிடிக்க, அதிலிருந்து பொறிகள் பறந்தன. உடன்வந்த வழிகாட்டிகள் இதனை மாயமெனக் கருதி அஞ்சி அவர்களைக் கீழே இறக்க முற்பட்டபோது, அப்புட்டியின் அதிர்ச்சியே அவருக்குக் காவலாயிற்று. திரும்பும் வழியில் அவர் ஏறிய கப்பல் செங்கடற் பாறையில் மோதி உடைந்தது. பயணிகள் நீரற்ற தீவொன்றிற் சில நாள் வாடிப் பின்னர் மீட்கப்பட்டனர். அக்கம்பியும் நெடுநாள் நிலைக்கவில்லை. எனினும் இந்தியாவுக்குத் தந்தி கொண்டுசெல்லும் எண்ணத்தை அவர் கைவிடவில்லை.

இல்லத்தில் நேர்ந்த துயர்

வெர்னர் 1852-ஆம் ஆண்டில் மதில்டா என்னும் நங்கையை மணந்திருந்தார். மக்கள் நால்வர் பிறந்தனர். அம்மையார் நெடுங்காலம் நுரையீரல் நோயால் நலிவுற்று, 1865-ஆம் ஆண்டு ஜூலை மாதம் உயிர் நீத்தார். அக்காலத்து மருத்துவர் நோயாளியை நல்ல காற்றுள்ள ஊர்களுக்கு அனுப்புவதன்றி வேறு செய்ய அறியார். நோய்க்குக் காரணம் கெட்ட காற்றென்றே பலர் கருதினர். கண்ணுக்குப் புலப்படாத உயிர் ஒன்று நெஞ்சகத்தில் இருந்து அரிக்கின்றது என்பதை அறிந்தார் இலர்.

மின்னாற்றலின் இரகசியங்களை உலகிற்குக் கூறிய அறிஞர், தம் இல்லத்தில் ஒன்றும் செய்ய இயலாது நின்றார். குழாய் அவர் கைக்குள்ளே இருந்தது. பகை யாதென்பது புலனாகவில்லை. ஓசோனை மூச்சில் இழுத்தால் நுரையீரல் புண்படுமாதலின், அக்குழாய் அம்மையாரின் உயிரைக் காத்திருக்காது என்பதும் உண்மையே. ஆயினும் நோயாளியின் அறையையும் கலங்களையும் பருகும் நீரையும் தூய்மை செய்யும் எண்ணந்தானும் அக்காலத்தில் எவர்க்கும் முழுமையாகத் தோன்றவில்லை. அறிவின் ஒரு பாதி மட்டும் கையில் இருந்தால் அஃது எத்துணை உதவியற்றது என்பதை இந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்துகின்றது.

டைனமோவும் இந்தியத் தந்தியும்

துயரிலிருந்து வெர்னர் வேலைக்குத் திரும்பினார். 1866-ஆம் ஆண்டின் இறுதியில், நிலைக்காந்தம் இன்றியே, இரும்பில் எஞ்சிய சிறு காந்த ஆற்றலைத் தானே வளர்த்துக்கொண்டு பெருமின்சாரம் தரும் பொறியை அமைத்தார். 1867-ஆம் ஆண்டு ஜனவரி 17-ஆம் நாள் அதன் தத்துவம் பெர்லின் அறிவியற் கழகத்தின் முன் வைக்கப்பட்டது. இங்கிலாந்தில் வீட்ஸ்டன், வார்லி என்போரும் அக்காலத்திலேயே தனித்தனியே இத்தத்துவத்தைக் கண்டனர் என்பதையும் நாம் மறைத்தல் முறையன்று. 1937-ஆம் ஆண்டு முதல் மேட்டூர் அணையினடியில் மின்சாரம் ஆக்கும் பொறிகள் இத்தகைய முன்னோர் முயற்சியின் வளர்ச்சியே ஆகும்.

பின்னர் இலண்டனிலிருந்து ஜெர்மனி, ரஷ்யா, பாரசீகம் வழியாகக் கல்கத்தா வரையில் ஏறத்தாழ 11,000 கிலோமீட்டர் நீளமுள்ள தந்தித் தொடர் உருவாயிற்று. அதில் டெஹ்ரான் வரையிலான பகுதியை ஸீமென்ஸ் உடன்பிறந்தார் அமைத்தனர். 1870-ஆம் ஆண்டு ஏப்ரல் 12-ஆம் நாள் வில்லியம் முதலியோர் முன்னிலையில் இலண்டனில் அனுப்பிய செய்தி 28 நிமிடத்திற் கல்கத்தாவை அடைந்தது. கப்பலில் வாரக்கணக்காக வந்த செய்திக்கு அரைமணிக்கும் குறைந்த பொழுது போதுமானதாயிற்று.

1879-ஆம் ஆண்டிற் பெர்லின் பொருட்காட்சியில் மின்சார இரயில் ஒன்று மக்களை ஏற்றிச் சென்றது. 1881-ஆம் ஆண்டில் அந்நகரையடுத்த லிஷ்டர்பெல்டில் மின்சார டிராம் வண்டி ஓடலாயிற்று. செல்வம் பெருகியபோதும் வெர்னர் தம் பழைய வறுமையை மறந்தாரல்லர். 1872-ஆம் ஆண்டிலேயே தம் தொழிலாளருக்கும் அவர்தம் கைம்பெண்டிர்க்கும் அநாதைகட்கும் உதவும் ஓய்வூதிய நிதியை நிறுவினார். ஆசிரியத் தொழிலின் சுமையின்றி அறிஞர் ஆராய்ச்சி ஒன்றையே செய்வதற்கு ஓர் இடம் வேண்டுமென்று தம் நிலத்தை அளித்தார். அவ்வாறு 1887-ஆம் ஆண்டில் தோன்றிய அரசாங்க ஆராய்ச்சி நிலையத்திற்கு ஹெல்ம்ஹோல்ட்ஸ் முதல் தலைவரானார். 1888-ஆம் ஆண்டில் மன்னர் வெர்னருக்குப் பிரபுப் பட்டம் அளித்துச் சிறப்பித்தார்.

இரு பாதியும் கூடிய ஆண்டு

1882-ஆம் ஆண்டு மார்ச்சு 24-ஆம் நாள், அதே பெர்லின் நகரில் ராபர்ட் காக் என்னும் மருத்துவர் காசநோய்க் கிருமியைக் கண்டதாக அறிவித்தார். பகை யாதென்பது இப்பொழுது தெரிந்தது. அதன்பின் கிருமியைக் கொல்லும் வழிகளை அறிஞர் எங்கும் தேடலாயினர். 1886-ஆம் ஆண்டிற் பிரான்சில் டி மெரிடன்ஸ் என்பார் ஓசோன் அழுக்குநீரைத் தூய்மை செய்யும் என்று காட்டினார். 1891-ஆம் ஆண்டில் ஸீமென்ஸ்-ஹால்ஸ்கே தொழிலகத்தார் பெர்லினை அடுத்து ஒரு சோதனை நிலையம் அமைத்தனர். பேரரசின் சுகாதார அலுவலகத்தைச் சேர்ந்த ஓல்முல்லர் என்னும் மருத்துவர் ஓசோனைக் கிருமிகளின்மேற் செலுத்திச் சோதித்தார். நீரில் வேறு அழுக்கு மிகாதிருந்தால் ஓசோன் கிருமிகளை வலிமையாகக் கொன்றது. அழுக்கு மிகுந்திருந்தால் ஓசோன் அதனோடு சேர்ந்தே தீர்ந்து போயிற்று. இவ்வுண்மை இன்றும் மாறவில்லை.

அடுத்த ஆண்டாகிய 1892-இல் ஹாம்பர்க்கு நகரில் வாந்திபேதி பரவி எண்ணாயிரத்திற்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆற்றுநீரை வடிகட்டாமல் ஊருக்கு விட்டதே காரணம். மணலில் நீரை வடித்துக் கொடுத்த அண்டை நகராகிய ஆல்டோனா பெரிதும் தப்பியது. தூயநீரின் அருமை இதனால் ஐரோப்பா முழுவதற்கும் புலனாயிற்று. அவ்வாண்டின் இறுதியில், டிசம்பர் 6-ஆம் நாள், எழுபத்தாறாம் வயது நிறைவதற்கு ஒரு வாரம் இருக்கையில், வெர்னர் ஸீமென்ஸ் நுரையீரல் அழற்சியால் இறந்தார். தம் வாழ்க்கை வரலாற்றைத் தாமே எழுதி முடித்திருந்தார். முப்பத்தைந்து ஆண்டுகட்கு முன் தாம் செய்த குழாய் நகர்களைக் காக்கப் புறப்படும் வாயிலில், அவர் உலகை விட்டு நீங்கினார். 1902-ஆம் ஆண்டையொட்டி வீஸ்பாடன், பாடர்போர்ன் ஆகிய ஊர்களில் அவர்தம் தொழிலகத்தார் அமைத்த ஓசோன் நீர்நிலையங்கள் இயங்கலாயின.

குழாயின் வழித்தோன்றல்கள்

1928-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் லாங்மூர், எலெக்ட்ரான்களும் மின்னேறிய அணுக்களும் கலந்து ஒளிரும் காற்றுக்குப் பிளாஸ்மா என்று பெயரிட்டார். குருதியின் நீர்ப்பகுதிக்கு மருத்துவர் வழங்கிய பெயரையே அவர் இதற்கு எடுத்துக்கொண்டார்.

இக்காலத்தில் இதன் தேவை பெரிதாயிற்று. இரும்புக் கத்தியை நீராவிக் கலத்தில் 121 பாகை வெப்பத்திற் கால்மணி வைத்தாற் கிருமிகள் அழியும். ஆனால் பிளாஸ்டிக் குழாயும், கண்ணாடி வில்லை பொருத்திய நுண்கருவியும் அவ்வெப்பத்தைத் தாங்கா. அத்தகையவற்றின் மேற்பரப்பைச் சுடாமற் சுத்தி செய்ய மருத்துவமனைகளில் ஒருவகைக் கலம் பயன்படுகின்றது. காற்றை வெளியேற்றிய கலத்தில் ஹைட்ரஜன் பெராக்சைடு ஆவியைப் புகவிட்டு, மின்னாற்றலால் அதனைப் பிளாஸ்மாவாக்குகின்றனர். ஏறத்தாழ ஐம்பது பாகை வெப்பமே அதற்குப் போதும். அங்கே கொல்லும் வேலையைப் பெரிதும் ஆவியே செய்ய, எஞ்சிய ஆவியைத் தீங்கற்ற நீராகவும் உயிர்க்காற்றாகவும் பிரிப்பது பிளாஸ்மா. இது ஸீமென்ஸ் குழாயின் நேர்வழி அன்று, உறவுவழி எனலாம்.

நேர்வழியில் வந்ததோ இன்னும் வியப்புடையது. திறந்த காற்றிலேயே, கண்ணாடி அல்லது பீங்கான் உறையிட்ட மின்முனையை ஒரு பரப்பின் அண்மையிற் பிடித்தால், அதே ஓசையற்ற ஊதாவொளி இடையே படர்கின்றது. அதில் ஓசோனும், தனித்த உயிர்க்காற்று அணுக்களும், நைட்ரஜன் சேர்க்கைகளும், சிறிது புற ஊதாக் கதிரும் தோன்றுகின்றன. இவை கிருமியின் மேற்றோலை அரித்து, உள்ளிருக்கும் புரதத்தையும் மரபுப் பொருளையும் சிதைக்கின்றன. ஆறாத புண்களின்மேல் இவ்வொளியைப் பாய்ச்சும் கருவிகள் 2013-ஆம் ஆண்டளவில் ஜெர்மனியில் மருத்துவ இசைவு பெற்றன. அவற்றுள் ஒருவகையில் நோயாளியின் சருமமே மறுமுனையாக நிற்கின்றது. பிரமிடின் உச்சியில் விரல்நுனியிற் சீறிய மின்னிறக்கம் இங்கே மருந்தாகியுள்ளது. நம் நாட்டிலும் காந்திநகரில் 1986-ஆம் ஆண்டில் அமைந்த பிளாஸ்மா ஆராய்ச்சி நிலையம் இத்துறையின் பல கிளைகளில் உழைத்து வருகின்றது.

இதனை எல்லாம் வல்ல மந்திரமாக எண்ணுதல் தவறு. ஒளி படாத பள்ளத்தில் உள்ள கிருமி பிழைக்கும். குருதியோ தூசியோ மூடியிருந்தால் அவை தாமே ஆற்றலை உண்டு கிருமியைக் காக்கும். வித்துறையிட்டு உறங்கும் கிருமிகளைக் கொல்ல நெடும்பொழுது வேண்டும். ஓசோன் மிகுந்தால் மனிதனுக்கும் கேடு. ஆதலின் முதலிற் சோப்பும் நீருமிட்டுக் கழுவுதல் என்னும் பழைய அறம் இன்றும் முதலறமே. ஓல்முல்லர் 1891-இற் கண்டதும் இதுவே.

முடிவுரை

ஒரு வாழ்க்கை வரலாற்றைப் படித்தபின் அதிலிருந்து கொள்ளுவது யாது என்று வினவுதல் மாணவர் கடமை. வறுமை கல்வியைத் தடுக்கவில்லை. சிறை ஆராய்ச்சியைத் தடுக்கவில்லை. கம்பியின் குறையே புதிய கருவியைப் பெற்றுத் தந்தது. இவையெல்லாம் வெர்னர் ஸீமென்ஸ் வாழ்வு காட்டும் நல்வழிகள். ஆனால் நம் உள்ளத்திற் பெரிதும் தைப்பது வேறொன்று. கருவி தோன்றியது 1857-இல். அது கிருமியைக் கொல்லும் என்பது தெளிவாகத் தெரிந்தது ஏறக்குறைய முப்பது ஆண்டு கழித்தே. அதற்கிடையில் மாண்டோர் எத்துணையர்! மின்சாரம் கற்றவர் ஒரு தெருவிலும், நோயை ஆராய்ந்தவர் மற்றொரு தெருவிலும் தத்தம் விளக்கொளியில் அமர்ந்திருந்தனர். அவர்களிடையே நடந்து செல்லும் பாதை அமையக் காலம் பிடித்தது.

எந்தக் கல்லூரியிலும் பௌதிகச் சாலையும் உயிர்நூற் சாலையும் தொலைவில் இல்லை. ஒன்றன் கதவைக் கடந்து செல்லும் மாணவர் மற்றொன்றன் உள்ளே ஒருகால் எட்டிப் பார்ப்பாராயின், அங்கே யாரோ ஒருவர் தேடிக்கொண்டிருக்கும் பாதி அறிவு தம் கையிலேயே இருக்கக் காணலாம். செவ்வாய்ப்பேட்டைத் தெருவில் முலாம் ஏறும் நகையைக் காணும்போதெல்லாம், கோட்டைச் சிறையில் அமர்ந்து கரண்டியைத் தொட்டியில் இட்ட அவ்விளைஞரை நாம் நினைவுகூர்வோமாக. அவர் தொடங்கி வைத்ததன் மறுபாதியை முடித்தல் பின்வருவோர் கடமை. அதற்கு வேண்டும் ஊக்கத்தை எல்லாம் வல்ல இறைவன் நம் மாணவர்க்கு அருள்வானாக.